பல்செட்டு ஏன் ஆடுகிறது, இம்பிளான்ட் யாருக்கு உதவும்?

பல்லைப் பிடுங்கியாகிவிட்டது. அடுத்து என்ன என்று விசாரித்தால் ஆளுக்கொரு பதில் வருகிறது. "பல்செட்டு போட்டுக்கொள்ளுங்கள், போகப்போகப் பழகிவிடும்" என்கிறார் மருத்துவர். "72 மணி நேரத்தில் நிலையான பல்" என்கிறது விளம்பரப் பலகை. "எங்கள் மாமா செட்டு வாங்கி டப்பாவில்தான் வைத்திருக்கிறார்" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். மூன்று பேருமே பொய் சொல்லவில்லை. யார் சொல்வது யாருக்குப் பொருந்தும் என்பதுதான் குழப்பம். பல் இருந்த இடத்து எலும்புக்கு என்ன நேர்கிறது என்று தெரிந்துகொண்டால் அந்தக் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும்.

பல் போனால் எலும்பும் குறையும்

தாடை எலும்பில் பல்லைப் பிடித்துக்கொண்டிருக்கும் மேட்டுப் பகுதி பல்லுக்காகவே வளர்ந்தது. பல்லின் வேர் நேரடியாக எலும்பில் பதிந்திருப்பதில்லை. இடையில் மெல்லிய நார்கள் இருக்கின்றன. ஒவ்வொரு முறை மெல்லும்போதும் அந்த நார்கள் எலும்பை இழுக்கின்றன. அந்த இழுப்பு இருக்கும்வரை எலும்பு தன்னைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும்.

பல்லை எடுத்ததும் குழியில் ரத்தம் உறைகிறது. சில வாரங்களில் ஈறு மூடிக்கொள்கிறது. மூன்று நான்கு மாதங்களில் குழிக்குள் புது எலும்பு நிரம்பிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஆறிவிட்டது போலத்தான் தெரியும். ஆனால் அதே நேரத்தில் குழியின் வெளிச்சுவர், முக்கியமாக உதட்டையும் கன்னத்தையும் ஒட்டியிருக்கும் மெல்லிய எலும்புத் தகடு, கரைந்துகொண்டிருக்கும். முதல் ஆண்டுக்குள் அந்த மேட்டின் அகலம் ஏறத்தாழ பாதியாகக் குறையலாம். அதிலும் மூன்றில் இரண்டு பங்கு இழப்பு முதல் மூன்று மாதத்திலேயே நடந்துவிடுகிறது. அப்புறம் வேகம் குறையும், ஆனால் நிற்காது. முழுப் பல்செட்டு அணிந்தவர்களை 25 ஆண்டுகள் பின்தொடர்ந்து 1972இல் வெளியான ஆய்வு ஒன்று, மேல் தாடையைப் போலச் சுமார் நான்கு மடங்கு எலும்பைக் கீழ்த் தாடை இழப்பதாகக் காட்டியது.

"செட்டு லூசாகிவிட்டது" என்று நாம் சொல்வதற்குக் காரணம் இதுதான். செட்டு அப்படியே இருக்கிறது, அதற்கு அடியில் இருக்கும் வாய்தான் மாறிவிட்டது.

இங்கே ஒரு பழைய பயத்தையும் தீர்த்துவிடலாம். மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். பார்வைக்கான நரம்பு வேறு, பல்லுக்கு உணர்வு தரும் நரம்பு வேறு. இந்தப் பயத்தில் சொத்தைப் பல்லை வருடக்கணக்கில் வைத்திருந்து, சீழ் பிடித்துச் சுற்றியுள்ள எலும்பையும் இழப்பவர்கள்தான் அதிகம்.

பெயர்கள்

1. முழு செட்டு: ஒரு தாடையில் ஒரு பல்கூட இல்லாதவர்களுக்கு. பெரும்பாலும் அக்ரிலிக் எனும் பிளாஸ்டிக்கால் ஆனது. 1930களின் பிற்பகுதியில் இது வரும்வரை கெட்டிப்படுத்திய ரப்பரில்தான் செட்டு செய்தார்கள்.

2. பகுதி செட்டு: மிச்சமிருக்கும் பற்களைக் கொக்கியால் பிடித்து நிற்பது. உலோகச் சட்டத்தில் செய்தால் மெல்லியதாகவும் உறுதியாகவும் இருக்கும்.

3. உடனடி செட்டு: பல் பிடுங்கிய அன்றே மாட்டுவது. வெளியே போக வர வசதி, ஆனால் ஆறும் காலத்தில் எலும்பு வேகமாகக் கரைவதால் சில மாதங்களில் இது தளர்ந்தே தீரும். அடியில் புதுப் பூச்சு கொடுப்பதோ வேறு செட்டு செய்வதோ தவிர்க்க முடியாதது. அந்தச் செலவை முதலிலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

4. பிரிட்ஜ்: பக்கத்துப் பற்களைச் செதுக்கி அவற்றின் மேல் ஒட்டும் கட்டுப்பல். பக்கத்தில் நல்ல பற்கள் இருந்தால்தான் முடியும்.

5. இம்பிளான்ட்: எலும்புக்குள் வைக்கும் டைட்டானியம் திருகு. அதன் மேல் ஓர் இணைப்புத் துண்டு, அதற்கும் மேலேதான் கண்ணுக்குத் தெரியும் பல்.

மேல் செட்டு நிற்கிறது, கீழ் செட்டு மிதக்கிறது

முழு செட்டை வாயில் பிடித்து வைப்பது பசையோ கொக்கியோ அல்ல, எச்சில். ஈரமான இரண்டு கண்ணாடித் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் பிரிக்கக் கஷ்டப்படுகிறோம் அல்லவா, அதே இயற்பியல்தான். இதற்கு இரண்டு விஷயம் தேவை: பரந்த பரப்பு, காற்றுப் புகாத விளிம்பு.

மேல் செட்டு அண்ணம் முழுவதையும் மூடுவதால் இரண்டும் கிடைக்கின்றன. கீழ் செட்டோ குதிரை லாட வடிவம். நடுவில் நாக்கு இருப்பதால் பரப்பு கிட்டத்தட்டப் பாதிதான். விளிம்பை ஒரு பக்கம் நாக்கும் மறுபக்கம் கன்னமும் உதடும் ஓயாமல் தள்ளுகின்றன. உட்காரும் மேடும் வேகமாகத் தேய்கிறது. ஆகவே மேல் செட்டோடு ஒத்துப்போனவர் கீழ் செட்டோடு மல்லுக்கட்டுவது அவருடைய பொறுமைக் குறைவால் அல்ல. மருத்துவர் சரியாக அளவெடுக்கவில்லை என்ற சந்தேகமும் பெரும்பாலும் நியாயமில்லாதது.

வாய் வறண்டவர்களுக்கு இன்னும் சிரமம். கட்டுப்படாத சர்க்கரை, சில ரத்த அழுத்த மாத்திரைகள், அலர்ஜி மாத்திரைகள், மனச்சோர்வுக்கான மருந்துகள், கழுத்துப் பகுதியில் எடுத்த கதிர்வீச்சு ஆகியவை எச்சிலைக் குறைக்கும். எச்சில் குறைந்தால் பிடிமானமும் குறையும், ஈறும் உரசிப் புண்ணாகும்.

இன்னொரு வேறுபாடு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. வேரைச் சுற்றியிருந்த நார்களில்தான் கடிக்கும் அழுத்தத்தைச் சொல்லும் உணர்வு முனைகள் இருந்தன. சோற்றில் ஒரு சின்னக் கல் கிடந்தாலும் உடனே கண்டுபிடித்தது அவைதான். முழு செட்டில் அந்த உணர்வு இல்லை. கடிக்கும் வலுவும் சொந்தப் பல்லோடு ஒப்பிட்டால் நான்கில் அல்லது ஐந்தில் ஒரு பங்குதான். அண்ணம் மூடியிருப்பதால் சூடும் மந்தமாகத்தான் தெரியும். காபி உதட்டில் சரியாக இருப்பது போலப் பட்டு, தொண்டையில் இறங்கும்போது சுடும். மீன் முள் இன்னும் ஆபத்து. முள்ளை நாக்கும் அண்ணமும் சேர்ந்துதான் தேடிப் பிடிக்கின்றன. அண்ணம் மறைந்த முதல் சில மாதங்களுக்கு முள் அதிகமுள்ள மீனைத் தள்ளி வைப்பது நல்லது.

பழகும் காலம்

பழகுவது என்பது நாக்கும் கன்னமும் புது வேலை கற்றுக்கொள்வது. சிலருக்குச் சில வாரங்கள் ஆகும், சிலருக்குச் சில மாதங்கள் ஆகும்.

1. எச்சில் ஊறுவது. புதுப்பொருளை உணவு என்று நினைத்து வாய் எச்சிலைச் சுரக்கும். துப்பிக்கொண்டே இருக்காமல் விழுங்கிவிட்டால் போதும், சில நாட்களில் தானே அடங்கிவிடும்.

2. பேச்சு. தமிழில் த, ந இரண்டுக்கும் நாக்கின் நுனி மேல் முன்பற்களின் பின்பக்கத்தைத் தொட வேண்டும். ட, ண, ள, ழ எழுத்துகளுக்கு நாக்கு மடங்கி அண்ணத்தை நோக்கிப் போக வேண்டும். செட்டின் முன்பல் சற்றே உள்ளே தள்ளியிருந்தாலும் தகடு தடிமனாக இருந்தாலும் இந்த எழுத்துகளில்தான் முதலில் தெரியும். ச, ஸ வரும் இடங்களில் விசில் சத்தம் கேட்கலாம். தினமும் நாளிதழைச் சத்தமாகப் படிப்பது நல்ல பயிற்சி. சில வாரங்களாகியும் குறிப்பிட்ட ஓர் எழுத்து மட்டும் இடறினால் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். தகட்டை அந்த இடத்தில் இழைத்துத் தர முடியும்.

3. புண். முதல் வாரத்தில் எங்காவது அழுத்திப் புண்ணாவது ஏறக்குறைய எல்லோருக்கும் நடக்கிறது. இதற்குத்தான் மறுநாளோ ஓரிரு நாள் கழித்தோ வரச் சொல்கிறார்கள். வலிக்கிறது என்று செட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் போனால் புண் ஆறியிருக்கும், எங்கே தேய்க்க வேண்டும் என்று மருத்துவருக்குத் தெரியாது. போவதற்குச் சில மணி நேரம் முன்பாவது மாட்டியிருக்க வேண்டும். வீட்டில் உப்புத்தாள் கொண்டு தேய்ப்பது கூடவே கூடாது. விளிம்பு ஒருமுறை கெட்டால் காற்று புகுந்துவிடும், பிடிமானம் போய்விடும்.

4. சாப்பாடு. இட்லி, குழைந்த ரசம் சாதம், இடியாப்பம் என்று தொடங்கி, அப்புறம் தோசை, நறுக்கிய பழங்கள், கடைசியாகச் சப்பாத்தியும் வெந்த கறியும். பழைய வழக்கப்படி ஒரு பக்கமாக மெல்லக் கூடாது. மறுபக்கம் செட்டு தூக்கிக்கொள்ளும். இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் வைத்து மெல்ல வேண்டும். கொய்யாவையோ கரும்பையோ முன்பல்லால் கடித்து இழுப்பதை மறந்துவிட வேண்டியதுதான். எள்ளுருண்டையும் கொய்யா விதையும் பார்க்கச் சாதாரணம், ஆனால் ஒரே ஒரு விதை தகட்டுக்கு அடியில் நுழைந்துவிட்டால் பந்தியிலிருந்து எழுந்துபோய்க் கழுவும்வரை உயிர் போகும்.

5. இரவு. தூங்கும்போது கழற்றிச் சாதாரணத் தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும். இரவு பகலாக மாட்டியிருந்தால் அண்ணம் சிவந்து பூஞ்சைத் தொற்று வரும். பலருக்கு வலியே இருக்காது என்பதால் தெரியாமலே வளரும். கொதிநீரில் போட்டால் அக்ரிலிக் வளைந்துவிடும். பற்பசையும் பல்பொடியும் கீறல் போடும், அந்தக் கீறல்களில் கிருமிகள் தங்கும். மென்மையான பிரஷும் பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு சொட்டும் போதும். வாஷ்பேசினில் தண்ணீர் பிடித்து அதன் மேல் வைத்துக் கழுவுங்கள். கை நழுவி விழுந்து உடையும் செட்டுகள்தான் பழுதுபார்க்க அதிகம் வருகின்றன.

6. ஒட்டும் பசை. பொருத்தமான செட்டுக்குக் கொஞ்சம் கூடுதல் பிடி வேண்டுமென்றால் தவறில்லை. ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை தடவ வேண்டியிருந்தால் அது செட்டு பொருந்தவில்லை என்பதற்கான அடையாளம். துத்தநாகம் கலந்த பசையை ஆண்டுக்கணக்கில் அளவுக்கு மீறிப் பயன்படுத்தியவர்களுக்கு உடலில் தாமிரம் குறைந்து நரம்புப் பாதிப்பு வந்திருக்கிறது. துத்தநாகம் இல்லாத பசை கிடைக்கிறது.

செட்டு நன்றாகவே இருந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை காட்ட வேண்டும். அடிப்பூச்சு புதுப்பிப்பது ஒரு காரணம். இன்னொன்று, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணை "செட்டு உரசுகிறது" என்று ஒதுக்கிவிடக் கூடாது என்பது. வெற்றிலை பாக்கு, புகையிலை பழக்கம் இருந்தவர்களுக்கு அது வாய்ப் புற்றுநோயின் தொடக்கமாகவும் இருக்கலாம்.

டைட்டானியமும் எலும்பும்

சுவீடனைச் சேர்ந்த பெர் இங்வர் பிரேனமார்க் 1950களில் முயலின் கால் எலும்புக்குள் டைட்டானியக் கருவி ஒன்றை வைத்து ரத்த ஓட்டத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஆய்வு முடிந்ததும் கருவியை எடுக்கப் பார்த்தால் வரவில்லை. எலும்பு அதோடு ஒட்டிக்கொண்டிருந்தது. 1965இல் கோத்தன்பர்க் நகரில் யோஸ்டா லார்சன் என்பவருக்கு முதன்முதலாகத் தாடையில் டைட்டானியத் திருகுகள் வைத்தார். லார்சன் 2006இல் இறக்கும்வரை அவை அவர் வாயில் வேலை செய்தன. 1982இல் டொரன்டோவில் நடந்த மாநாட்டுக்குப் பிறகே உலகம் இதை ஏற்றுக்கொண்டது.

வழக்கமான முறையில் திருகு வைத்த பிறகு கீழ்த் தாடையில் மூன்று நான்கு மாதம், மேல் தாடையில் ஆறு மாதம் வரை காத்திருப்பார்கள். இப்போது வரும் சொரசொரப்பான திருகுகளில் இந்தக் காலம் குறைந்திருக்கிறது. எலும்பு ஒட்டிக்கொள்ளும் காலத்தில் திருகு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அசைந்தால்கூட அபாயம். எலும்புக்குப் பதிலாக நார்த்திசு வளர்ந்து, திருகு ஆடத் தொடங்கிவிடும்.

நல்ல ஆரோக்கியமும் நல்ல பராமரிப்பும் உள்ளவர்களிடம் பத்து ஆண்டுகள் கழித்தும் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்ட திருகுகள் நிலைத்திருக்கின்றன.

இடையில் ஒரு வழி இருக்கிறது

செட்டா, இம்பிளான்டா என்று இரண்டில் ஒன்றைத் தேர்வது போலத்தான் பெரும்பாலும் பேச்சு நடக்கிறது. இரண்டையும் சேர்க்கும் வழி ஒன்று உண்டு. கீழ்த் தாடையின் முன்பக்கம், கோரைப் பல் இருந்த இடங்களில் இரண்டே இரண்டு திருகுகளை வைத்து, அவற்றின் மேல் அழுத்துப் பொத்தான் போன்ற இணைப்பு கொடுத்து, கீழ் செட்டை அதில் மாட்டுவது. 2002இல் மான்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய வல்லுநர்கள், பல்லே இல்லாத கீழ்த் தாடைக்கு முதலில் பரிந்துரைக்க வேண்டியது இதுதான் என்று அறிவித்தார்கள். 2009இல் இங்கிலாந்தின் யார்க் நகரில் வெளியான அறிக்கையும் அதையே சொன்னது.

காரணம் முன்பே பார்த்ததுதான். தொல்லை கொடுப்பது கீழ் செட்டு. கீழ்த் தாடையின் முன்பகுதியில் எலும்பு கெட்டியாகவும், பல ஆண்டுகள் கழித்தும் ஓரளவு மிச்சமாகவும் இருக்கிறது. முக்கியமான நரம்பு அதற்குப் பின்னால் வெளியேறிவிடுவதால் அறுவையும் எளிது. கையிலிருக்கும் செட்டு நல்ல நிலையில் இருந்தால் அதிலேயே இணைப்பைப் பொருத்திவிடலாம். உள்ளே இருக்கும் நைலான் வளையம் தேயும்போது மாற்ற வேண்டும், அது சின்னச் செலவு. இரவில் கழற்றிக் கழுவும் வேலை தொடரும்.

இந்த வழியை எந்தப் பலகையிலும் பார்க்க முடியாது. "நிலையான பல்" என்ற கவர்ச்சி இதற்கு இல்லை என்பதைத் தவிர வேறு காரணம் தெரியவில்லை. பணம் அளவாகத்தான் இருக்கிறது என்றால், மேல் செட்டை அப்படியே விட்டுவிட்டுக் கீழே இரண்டு திருகுகளில் போடுவதுதான் பெரும்பாலோருக்குக் கொடுத்த காசுக்கு அதிகப் பலன் தரும். மேல் தாடையில் எலும்பு மென்மையானது, மேலே சைனஸ் அறையும் இருக்கிறது. அங்கே குறைந்தது நான்கு திருகுகளாவது வேண்டியிருக்கும், சிலருக்குக் குறைந்த இடத்தில் எலும்பை வைத்து ஒட்டும் அறுவையும் தேவைப்படும்.

மூன்று நாள் பல்

"72 மணி நேரம்" என்பது ஏமாற்று அல்ல, ஆனால் முழுக் கதையும் அல்ல. இதில் இரண்டு முறைகள் கலந்து பேசப்படுகின்றன.

ஒன்று, நான்கு அல்லது ஆறு வழக்கமான திருகுகளை வைத்து, அவற்றை ஒரே கட்டுப்பல்லால் இறுக்கிப் பிணைப்பது. ஒன்றையொன்று தாங்குவதால் அசைவு குறைகிறது. வைக்கும்போதே திருகு போதிய இறுக்கத்தோடு உட்கார்ந்தால்தான் உடனே பல் மாட்டலாம். அது அறுவையின்போதுதான் தெரியவரும். அப்படி மாட்டுவதும் பெரும்பாலும் தற்காலிகப் பல்தான். இறுதிப் பல் சில மாதம் கழித்து வரும், அதற்குத் தனிக் கட்டணமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மற்றொன்று, பேசல் (basal) இம்பிளான்ட். எலும்பு மிகவும் குறைந்தவர்களுக்கு, ஆழத்தில் இருக்கும் கெட்டியான அடுக்கில் பிடிக்குமாறு நீளமான திருகுகளை வைப்பார்கள். எலும்பு ஒட்டும் அறுவையைத் தவிர்க்கலாம் என்பது பெரிய லாபம். ஆனால் பெரும்பாலும் ஒரே துண்டாக வருவதால் மேல்பாகம் மட்டும் கெட்டால் மாற்ற வழியில்லை. வழக்கமான திருகுகளுக்கு இருக்கும் அளவு நீண்டகால ஆய்வுகளும் இதற்கு இல்லை. எலும்பு போதுமான அளவு இருப்பவர், மூன்று மாதம் காத்திருக்கவும் முடியும் என்றால், இதைத் தேர்ந்தெடுக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

யோசிக்க வேண்டியவர்கள்

1. சர்க்கரை நோயாளிகள். நோய் இருப்பது தடையல்ல, கட்டுப்பாட்டில் இல்லாததுதான் தடை. மூன்று மாதச் சராசரி ரத்தப் பரிசோதனை முடிவோடு போங்கள்.

2. புகைப்பவர்கள். புண் ஆறுவது தாமதமாகும், திருகு தோற்கும் வாய்ப்பு கூடும்.

3. எலும்புத் தேய்வுக்கு அலென்ட்ரோனேட், சோலெட்ரோனிக் அமிலம், டெனோசுமாப் எடுப்பவர்கள். புற்றுநோய்க்காக இவற்றை அதிக அளவில் ஊசியாகப் போட்டுக்கொண்டவர்களுக்குத் தாடை எலும்பு ஆறாமல் பட்டுப்போகும் அபாயம் உண்டு. இதை இம்பிளான்டுக்கு முன் மட்டுமல்ல, பல் பிடுங்கும் முன்பே சொல்ல வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை போடும் ஊசி மாத்திரைப் பட்டியலில் இருக்காது, அதனால் பலர் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

4. தாடைப் பகுதியில் கதிர்வீச்சு எடுத்தவர்கள்.

5. பாக்குப் பழக்கத்தால் வாய் இறுகிப்போனவர்கள். திருகு வைக்கும் கருவி உள்ளே நுழையவே இடம் இருக்காது. செட்டுக்கு அளவெடுப்பதுகூடச் சிரமம்.

6. ஈறு நோயால் பல்லை இழந்தவர்கள். திருகுக்குச் சொத்தை வராது, ஆனால் அதைச் சுற்றியுள்ள ஈறும் எலும்பும் அதே விதத்தில் கெடலாம். தொடர்ந்த சுத்தம் இல்லாவிட்டால் வந்த வழியே போய்விடும்.

வயது மட்டும் தடையே அல்ல. எண்பது வயதில் வைத்துக்கொண்டவர்கள் உண்டு. ஆனால் கை நடுக்கம், மறதி வந்துவிட்டால் யார் சுத்தம் செய்வது என்பதையும் யோசிக்க வேண்டும். படுக்கையில் இருப்பவருக்குக் கழற்றக்கூடிய செட்டுதான் கவனித்துக்கொள்பவருக்கு வசதி. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைத் தாமாக நிறுத்தக் கூடாது. நிறுத்துவதா வேண்டாமா என்பதை இதய மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

பிடுங்கும் முன்பே கேட்க வேண்டியவை

இத்தனையையும் பல் போன பிறகு யோசிப்பதைவிட, பிடுங்கத் தேதி குறிக்கும்போதே பேசிவிடுவது நல்லது.

முதல் கேள்வி: எல்லாப் பல்லையும் எடுத்தே ஆக வேண்டுமா? கீழ்க் கோரைப் பற்கள் இரண்டின் வேர்கள் மட்டும் உறுதியாக இருந்தால், வேர் சிகிச்சை செய்து ஈறு மட்டத்துக்கு வெட்டிவிட்டு அவற்றின் மேல் செட்டை உட்கார வைக்கலாம். வேர் இருக்கும்வரை அந்த இடத்து எலும்பும் இருக்கும், கடிக்கும் அழுத்தத்தின் உணர்வும் ஓரளவு மிஞ்சும். இம்பிளான்டை விட மலிவு. இப்போதெல்லாம் இதை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை.

இரண்டாவது: பின்னால் இம்பிளான்ட் வைக்கும் எண்ணம் இருந்தால், பிடுங்கிய குழியில் அன்றே எலும்புத் துகள் நிரப்பலாமா? கரைவதை முழுக்க நிறுத்த முடியாவிட்டாலும் குறைக்கும்.

மூன்றாவது: எங்கே செய்வது? சென்னையில் 1953 முதல் இயங்கும் தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரியிலும், மற்றக் கல்லூரிகளின் மருத்துவமனைகளிலும் செயற்கைப் பல் பிரிவு தனியாக உண்டு. மாணவர்கள் பேராசிரியர் மேற்பார்வையில் செய்வதால் பல நாட்கள் நடக்க வேண்டியிருக்கும். ஆனால் முழு செட்டு போன்ற, அவசரமே ஆகாத வேலைக்கு அந்த நிதானம் நல்லதுதான்.

கடைசியாக, இம்பிளான்ட் வைத்துக்கொண்டால் திருகின் நிறுவனம், மாதிரி, விட்டம், நீளம், தொகுதி எண் எழுதிய அட்டையைக் கேட்டு வாங்கி வையுங்கள். திருகுப் பொட்டலத்திலேயே அந்த ஸ்டிக்கர் இருக்கும். ஒரு நிறுவனத்தின் இணைப்புத் துண்டு பெரும்பாலும் இன்னொன்றின் திருகில் பொருந்தாது. ஏழெட்டு ஆண்டு கழித்து வேறு ஊரில் வேறு மருத்துவர் முன்னால் வாயைத் திறக்கும்போது, எக்ஸ்ரேயை மட்டும் வைத்து அது எந்தத் திருகு என்று அவர் கண்டுபிடிப்பது பெரும் பாடு.